வழக்குக் கட்டுக்குள் வராத வீடு: கோர்ட்டில் சமூகப் பணியாளருக்கு என்ன வேலை?

சித்தூர் கோர்ட் வராந்தாவில் ஒரு நாள் காலையில் போய் நின்று பாருங்கள். ஆந்திரச் சித்தூர் இல்லை, பாலக்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் சித்தூர். கூரியர் மாறி அங்கே போவது எங்களுக்குப் பழகிவிட்டது. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த சனம் தூணோரமாக நிற்கும். யார் போலீஸ், யார் வக்கீல், யார் குமாஸ்தா என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ஆனால் தோளில் துணிப்பையும் கையில் ஃபைலுமாக ஒரு பெண் வந்து, "நீங்கதானே பையனோட அம்மா? உங்க வீட்டைப் பாக்க வரணும்" என்று சொன்னால் அந்த அம்மாவுக்கு முகம் வெளிறிவிடும். கேஸ் விஷயமாக ஒருவர் வீட்டுக்கு வருகிறார் என்றால் சோதனை போடத்தான் வருகிறார் என்பது ஊர்க் கணக்கு.

அவர் சோதனை போட வரவில்லை. அவர் ப்ரொபேஷன் ஆபீசர். தமிழ்நாட்டுக் காகிதங்களில் நன்னடத்தை அலுவலர் என்று இருக்கும். குற்ற வழக்குகளுக்குள் வேலை செய்கிற சமூகப் பணியாளர்களில் ஒருவர்.

இங்கே ஒரு சொல்லைப் பிரித்து வைத்துவிடுவது நல்லது. "சமூக சேவகர்" என்றால் நம் கண்முன் வருபவர் ஃப்ளெக்ஸ் பேனரில் கைகூப்பி நிற்பவர், ஜூன் மாதத்தில் நோட்டுப் புத்தகம் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்பவர். அவரைக் குறை சொல்ல வரவில்லை; வாங்கிய பிள்ளைக்கு நோட்டு நோட்டுதான். நான் பேசுவது இதையே படிப்பாகப் படித்து, இதையே தொழிலாகச் செய்கிறவர்களைப் பற்றி. 1936-ல் பம்பாயில் டாடா பெயரில் சமூகப் பணிக்கென ஒரு பள்ளி தொடங்கியது. 1952-ல் சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் வந்தது. இன்று எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலைப் பட்டம்) என்ற மூன்றெழுத்து எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதைப் படித்தால் எங்கே வேலை என்பதுதான் பலருக்குத் தெரியாது.

வழக்குக் கட்டைப் பிரித்துப் பாருங்கள். எஃப்.ஐ.ஆர். இருக்கும், மகஜர் (சம்பவ இடத்தில் எழுதிய குறிப்பு) இருக்கும், சாட்சிகளின் வாக்குமூலம் இருக்கும். அந்த ஆள் எந்த வீட்டிலிருந்து கிளம்பி அங்கே போய்ச் சேர்ந்தான், வெளியே விட்டால் எந்த வீட்டுக்குத் திரும்புவான் என்று சொல்லும் தாள் மட்டும் இருக்காது. அந்தத் தாளை எழுதிக் கட்டுக்குள் சேர்ப்பவர்தான் நம் ஆள். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைப்பதுதான்.

எல்லைப் பக்கத்தில் இந்த வேலை இரண்டு மடங்கு. சம்பவம் கொழிஞ்சாம்பாறையில், வீடு கோபாலபுரத்துக்கு அந்தப் பக்கம். வழக்கு மலையாளத்தில் நடக்கும், அழுகை தமிழில் வரும்.

ஒரு பையன், ஒரு பைக்

நான் படிக்கும்போது ஃபீல்டு ஒர்க்குக்காக ஒரு ப்ரொபேஷன் ஆபீசர் கூடவே சில மாதம் அலைந்தேன். அப்போது பார்த்ததை இங்கே சொல்கிறேன். ஊர், ஆள், அடையாளம் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். சட்டத்தோடு மோதிய குழந்தையின், அதாவது குற்றம் சாட்டப்பட்ட பதினெட்டு நிறையாதவரின், அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு சொல்கிறது. அது பத்திரிகைக்காரர்களுக்கு மட்டுமான தடை இல்லை, வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ போடுகிறவருக்கும்தான்.

பையனுக்கு வயது பதினாறு. மீன்காரர் ஒருவரின் பைக்கை எடுத்துக்கொண்டு போனவன், வேலந்தாவளம் பக்கத்தில் பெட்ரோல் தீர்ந்து உட்கார்ந்துவிட்டான். பிடித்தது போலீஸ்கூட இல்லை, டீக்கடைக்காரர்.

இனி என்ன நடக்க வேண்டும்? 2015-ஆம் ஆண்டின் அந்த இளைஞர் நீதிச் சட்டப்படி பதினெட்டு நிறையாதவர் லாக்கப்புக்கும் போகக் கூடாது, ஜெயிலுக்கும் போகக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். கேரளத்தில் ஜே.ஜே. போர்டு என்றால்தான் எல்லோருக்கும் புரியும். சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சத் தண்டனை மூன்று ஆண்டு, அதனால் இந்தச் சட்டத்தின் கணக்கில் இது சிறு குற்றம். மத்திய அரசின் மாதிரி விதிகள்படி இப்படிப்பட்ட வழக்கில் எஃப்.ஐ.ஆர். கூடப் போட வேண்டியதில்லை. ஸ்டேஷனின் பொது நாட்குறிப்பில் எழுதி, பையனின் பின்னணி பற்றி ஒரு குறிப்பைச் சேர்த்து போர்டுக்கு அனுப்பினால் போதும். பெரியவர்களோடு சேர்ந்து செய்திருந்தாலோ கொடுங்குற்றமாக இருந்தாலோதான் கதை வேறு. ஜாமீன் கொடுப்பதுதான் இங்கே வழக்கம், மறுப்பது விதிவிலக்கு. ஆள் ஜாமீன் இல்லாமலும் விடலாம், ப்ரொபேஷன் ஆபீசரின் மேற்பார்வையிலும் விடலாம்.

அந்த போர்டில் மாஜிஸ்திரேட் தனியாக உட்காருவதில்லை. கூட இரண்டு சமூகப் பணியாளர்கள், அவர்களில் ஒருவராவது பெண். குழந்தைகளுக்கான கல்வி, சுகாதாரம், நலப் பணிகளில் ஏழு ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும், அல்லது குழந்தை உளவியல், மனநலம், சமூகவியல், சட்டம் போன்ற துறையில் பட்டம் பெற்றுத் தொழில் செய்பவராக இருக்க வேண்டும். உயரமான மேடை கூடாது, கூண்டு கூடாது. சமூகப் பணியாளர் வெளியே வராந்தாவில் மட்டும் இல்லை, தீர்ப்புச் சொல்லும் மேசையிலும் இருக்கிறார். இந்தச் செய்தி பலருக்குப் புதிதாக இருக்கும்.

முதல் நாள் போர்டின் முன் நிறுத்தியதிலிருந்து 15 நாளுக்குள் ப்ரொபேஷன் ஆபீசர் ஒரு அறிக்கை கொடுக்க வேண்டும். சமூகப் புலனாய்வு அறிக்கை என்பார்கள். பேரைக் கேட்டால் சி.பி.ஐ. மாதிரித் தோன்றும். உண்மையில் அது ஒரு குடும்பத்தின் வரவு, செலவு, நோவு, சண்டை, படிப்பு எல்லாம் அடங்கிய சில தாள்கள்.

அந்த வீட்டுக்கு நாங்கள் போன நாள் ஞாபகம் இருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒற்றை அறை. கயிற்றுக் கட்டிலில் இடுப்பில் பெல்ட் கட்டியபடி பையனின் அப்பா. தென்னை ஏறுகிறவர், விழுந்துவிட்டார். நான் கூடப் போன ப்ரொபேஷன் ஆபீசர் மேடம் மலையாளி, தமிழ் பாதிதான் வரும். வாசலில் உட்கார்ந்திருந்த பாட்டியிடம், "எத்ர கொல்லமாயி இவிடே?" என்று கேட்டார். எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறீர்கள் என்று அர்த்தம். பாட்டி திடுக்கிட்டு, "கொல்லமெல்லாம் இல்லீங் அம்மிணி, எனக்குப் பொறந்த ஊரு பொள்ளாச்சி" என்றார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. இந்த மாதிரி இடத்தில் சிரித்துவிட்டுக் கடந்து போகலாம். அந்தப் பதிலை அரைகுறையாகக் கேட்டு எழுதிக்கொண்டு போகிற அதிகாரியாக இருந்தால் அறிக்கையில் அந்தக் குடும்பம் கொல்லத்துக்காரர்கள் ஆகியிருப்பார்கள்.

மேடம் அதிகம் கேட்கவில்லை, பார்த்தார். யார் எங்கே படுப்பார்கள், ராத்திரி யார் வீட்டில் இருப்பார்கள், ரேஷன் கார்டு எந்த வகை என்று பார்த்தார். சுவரில் ஒரு புத்தகப் பை தொங்கியது. "எடுக்கட்டுமா அம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுத்தார். ஒன்பதாம் வகுப்புக் கணக்கு நோட்டு. நவம்பர் வரை ஒழுங்காகத் தேதி போட்டு எழுதியிருந்தான், பிறகு வெற்றுத் தாள்கள். "நவம்பர்ல என்னம்மா ஆச்சு?" என்று அதைத் திருப்பிக் காட்டிக் கேட்டார். அந்த அம்மா வாயைத் திறக்காமல் கட்டிலைப் பார்த்தார்.

அப்பா மரத்திலிருந்து விழுந்த மாதம். அதோடு பையன் பள்ளியை விட்டு நார் மில்லுக்குப் போயிருக்கிறான். ஆஸ்பத்திரிச் செலவுக்கு அங்கே முன்பணம் வாங்கியிருந்தார்கள், அது கழியும் வரை கையில் கூலி கிடையாது. பைக்கை எடுத்தது தப்பில்லை என்று இதற்கு அர்த்தமா? இல்லை. மீன்காரருக்கு இரண்டு நாள் வியாபாரம் போனது, வாங்கி வைத்திருந்த மத்தி கெட்டுப்போனது. மேடம் அவரையும் போய்ப் பார்த்தார், அதையும் எழுதினார். ஆனால் ஜெயில், லாக்கப், மிரட்டல் எதுவும் சரி செய்ய முடியாத ஒன்று அந்த நோட்டில் இருந்தது. அதைக் கோர்ட்டுக்குச் சொல்ல வேறு ஆள் கிடையாது.

அறிக்கை பையனுக்காக வாதாடும் காகிதம் இல்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். குடும்பம் கவனிக்கவில்லை என்றால் கவனிக்கவில்லை என்றுதான் எழுதுவார்கள். கூட்டாளிகள் சரியில்லை என்றால் அதுவும் வரும். குற்றம் செய்தானா இல்லையா என்று முடிவு செய்ய இதைச் சாட்சியமாக எடுக்கக் கூடாது, அடுத்து என்ன செய்யலாம் என்பதற்குத்தான் இது.

விசாரணையை நான்கு மாதத்தில் முடிக்க வேண்டும். தேவைப்பட்டால் இன்னும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம். சிறு குற்றமாக இருந்து அதற்குள்ளும் முடியவில்லை என்றால் வழக்கையே கைவிட வேண்டும். அறிவுரை சொல்லி அனுப்புவதிலிருந்து குழு ஆலோசனை, சமூக சேவை, பெற்றோர் பொறுப்பில் நன்னடத்தை விடுப்பு, சிறப்பு இல்லத்தில் அதிகபட்சம் மூன்று ஆண்டு என்பது வரை போர்டின் கையில் பல வழி உண்டு. இந்தப் பையனுக்குப் பெற்றோர் பொறுப்பும் கவுன்சலிங்கும் கிடைத்தது. கண்காணிக்க வேண்டியவன் தமிழ்நாட்டுக்காரன் என்பதால் காகிதம் கோயம்புத்தூர் போக வேண்டியிருந்தது. வெளி மாவட்ட, வெளி மாநிலப் பிள்ளையை அவன் சொந்த மாவட்டத்துக்கு மாற்றச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்தக் காகிதம் எல்லையில் இருக்கும் வாளையாறு தாண்ட எடுத்துக்கொண்ட நாட்களைத்தான் எந்தச் சட்டமும் கணக்கில் எடுக்கவில்லை.

கேரளத்தில் இதற்கென்று "காவல்" என்ற பெயரிலேயே ஒரு திட்டம் நடக்கிறது. பெங்களூரில் இருக்கும் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸின் வழிகாட்டலில், தொண்டு அமைப்புகளின் சமூகப் பணியாளர்கள் இப்படிப்பட்ட பிள்ளைகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கிறார்கள். பெயரைக் கேட்டுப் போலீஸ் திட்டம் என்று பயந்துவிடாதீர்கள், மகளிர்-குழந்தைகள் மேம்பாட்டுத் துறையுடையது.

பெரியவர்கள் வழக்கில்

பதினெட்டு தாண்டியவர்களுக்கு வேறு சட்டம், 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். நம் பக்கத்துக்கு இது அன்றே பழைய சரக்கு. 1936-லேயே மெட்ராஸ் மாகாணம் இதற்கு ஒரு சட்டம் போட்டுவிட்டது. அப்போது பாலக்காடு மலபார் ஜில்லாவில் சேர்ந்தது, ஆகவே மெட்ராஸ். சித்தூர் கொச்சி ராஜாவுடையது. சில மைல் இடைவெளியில் மெட்ராஸ் சட்டம் ஒருவனுக்குப் பொருந்தும், இன்னொருவனுக்குப் பொருந்தாது என்ற நிலை. உலக அளவில் இதன் வேரைத் தேடினால் 1841-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜான் அகஸ்டஸ் என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி, குடித்துவிட்டுப் பிடிபட்ட ஒருவனைத் தன் பொறுப்பில் எடுத்துத் திருத்திக் காட்டிய இடத்தில் போய் நிற்கும். அவர் சட்டம் படித்தவரில்லை.

1958 சட்டம் சொல்வதைச் சுருக்கமாகப் பார்ப்போம். சில சிறு குற்றங்களில் முதல் முறை சிக்கியவரை எச்சரித்து விடலாம். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றமாக இல்லாவிட்டால், சிறைக்கு அனுப்பாமல் மூன்று ஆண்டு வரை நன்னடத்தைப் பத்திரத்தில் விடலாம். குற்றவாளிக்கு 21 நிறையவில்லை, குற்றமும் ஆயுள் தண்டனைக்கு உரியதில்லை என்றால் சிறைக்கு அனுப்பக் கூடாது என்பதே பொது விதி. அனுப்பியே ஆக வேண்டும் என்றால் நீதிபதி காரணம் எழுத வேண்டும், அதற்கு முன் ப்ரொபேஷன் ஆபீசரின் அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். இப்படி விடப்பட்டவருக்கு, குற்றவாளி என்ற தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு ஒட்டாது என்றும் ஒரு பிரிவு இருக்கிறது.

பையன் விஷயத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பெரியவர் வழக்கில் இந்த அறிக்கை குற்றம் நிரூபணமான பிறகு, தண்டனை சொல்வதற்கு முன்புதான் வருகிறது. அந்த இடைவெளி சில சமயம் மத்தியானச் சாப்பாட்டு நேரம் அளவுக்குத்தான் இருக்கும். வக்கீல் எழுந்து "ப்ரொபேஷன் ரிப்போர்ட் கேட்கணும், சார்" என்று அந்த நேரத்தில் சொல்லாவிட்டால் வாய்ப்பு கைநழுவிப்போகும். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஒரு நாள் வந்தால் வக்கீலிடம் முந்தின நாளே இதைச் சொல்லி வையுங்கள். என் அனுபவத்தில் கேட்காததால் போனதுதான் அதிகம், கேட்டு மறுத்தது குறைவு.

எல்லைக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு வரி இந்தச் சட்டத்தின் நான்காம் பிரிவில் இருக்கிறது. நன்னடத்தையில் விட வேண்டுமானால் ஆளுக்கோ ஜாமீன்தாரருக்கோ நிலையான இருப்பிடம் அல்லது நிலையான தொழில் இருக்க வேண்டும். எங்கே? கோர்ட்டின் எல்லைக்குள், "அல்லது" அந்த ஆள் இனி வசிக்கப்போகும் இடத்தில். இந்த "அல்லது" இல்லாவிட்டால் பொள்ளாச்சிக்காரனுக்குப் பாலக்காட்டுக் கோர்ட்டில் நன்னடத்தையே கிடையாது.

ஜாமீனிலும் இதே முள் குத்துகிறது. "லோக்கல் ஷூரிட்டி கொண்டு வா" என்பார்கள். தேயிலைத் தோட்ட லைன் வீட்டில் பிறந்து வளர்ந்த தேவிகுளம் தமிழருக்கு ஊரே கேரளம்தான், ஆனால் கரம் (நிலவரி) கட்டிய ரசீது காட்ட ஒரு சென்ட் நிலம் இருக்காது. கதிர் அறுக்க வந்தவருக்கு அதுவும் இல்லை. 1978-ல் மோத்தி ராம் என்ற கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பத்தாயிரம் ரூபாய் ஜாமீன் கேட்டிருந்தார் மாஜிஸ்திரேட். கொத்தனாரின் சகோதரரும் அவர் சொத்தும் வேறு மாவட்டத்தில் என்பதால் அவரை ஏற்கவும் மறுத்தார். தீர்ப்பு எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். ஒரு மலையாளியோ கன்னடியரோ தமிழரோ தெலுங்கரோ பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ சாந்தினி சௌக்கிலோ கைதானால் அங்கே சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்று அதில் கேட்கிறார். சொந்தப் பத்திரமாக ஆயிரம் ரூபாய் போதும் என்று கொத்தனாரை விடச் சொன்னார்.

அந்தக் கேள்வி அவருக்கு ஏன் தோன்றியது என்று நான் ஊகிப்பதுண்டு. நவம்பர் 15 அன்று பாலக்காட்டில் பிறந்தவர். வீட்டில் தமிழ், வெளியே மலையாளம். 1957-ல் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சட்டத்தோடு சிறைத்துறையும் அவர் பொறுப்பில் இருந்தது. அவர் பிறந்த நாளைத்தான் கேரள அரசு ப்ரொபேஷன் தினமாகக் கொண்டாடுகிறது.

2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் இதை இன்னும் தெளிவாக்கியது. ஜாமீன் கிடைத்தும் ஏழு நாளில் வெளியே வராதவரைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆணையம் ப்ரொபேஷன் ஆபீசரையோ சட்டத் தன்னார்வலரையோ அனுப்பி அந்தக் கைதியின் பொருளாதார நிலை பற்றி அறிக்கை வாங்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர் வேண்டும் என்ற நிபந்தனையால்தான் தாமதம் என்றால் அதை விதிக்காமல் விடலாம். அதே ஆண்டு மத்திய அரசு கொண்டு வந்த ஏழைக் கைதிகளுக்கான திட்டத்தில், ஜாமீன் தொகை கட்ட முடியாத விசாரணைக் கைதிக்குப் பண உதவி கிடைக்கும். யாருக்கு இது பொருந்தும் என்று கண்டுபிடித்துக் கொடுப்பதும் இந்த ஃபைல் தூக்கிகளின் வேலைதான்.

எல்லாவற்றுக்கும் ப்ரொபேஷன் கிடைக்குமா என்றால் கிடைக்காது. எங்கள் செக்போஸ்ட்டுகளின் நிரந்தரச் சரக்கு கஞ்சா. போதைப்பொருள் சட்டத்தின் 33-ஆம் பிரிவு, பதினெட்டு தாண்டியவர்களுக்கு நன்னடத்தைச் சட்டத்தின் கதவை மூடுகிறது. போதைப்பொருளை உட்கொண்டதற்காக மாட்டியவர் போன்ற சில இடங்களில் மட்டும் திறந்திருக்கும். ஒரு கிலோ வரை கஞ்சா "சிறிய அளவு", இருபது கிலோவுக்கு மேல் போனால் "வணிக அளவு". போதைக்கு அடிமையானவரைச் சிகிச்சைக்கு அனுப்பவும் அதே சட்டத்தில் வழி உண்டு. டூவீலரில் பொட்டலம் கொண்டு போகும் பத்தொன்பது வயதுப் பையனிடம் ஐந்நூறு ரூபாய் ஆசை காட்டுபவர் இதையெல்லாம் விளக்கிச் சொல்வதில்லை.

2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா, சமூக சேவையையே ஒரு தண்டனையாகச் சேர்த்திருக்கிறது. 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல் முறை திருடி, அதைத் திருப்பியும் கொடுத்தவருக்கு இது பொருந்தும். குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை செய்தவருக்கும் விதிக்கலாம்.

அடிபட்டவர் பக்கம்

சமூகப் பணியாளர் என்றாலே குற்றவாளிக்குப் பரிந்து பேசுகிறவர் என்று ஒரு மனத்தாங்கல் இருக்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் வழக்குகளைப் பார்த்தால் அது தீர்ந்துவிடும். 2012-ஆம் ஆண்டின் இந்தச் சட்டத்தில் பாதிக்கப்பட்ட குழந்தைக்கு ஒரு துணைநபரைக் குழந்தைகள் நலக் குழு நியமிக்கலாம். வாக்குமூலத்திலிருந்து தீர்ப்பு வரை கூட நிற்பவர். அடுத்த வாய்தா எப்போது, எதிரிக்கு (குற்றம் சாட்டப்பட்டவருக்கு) ஜாமீன் கிடைத்ததா, இடைக்கால நிவாரணம் கேட்கலாமா என்று குடும்பத்துக்குச் சொல்கிறவர். என்ன சொல்ல வேண்டும் என்று குழந்தைக்குச் சொல்லிக் கொடுப்பது மட்டும் அவர் வேலையில் இல்லை. அப்படிச் செய்தால் வழக்கே கெடும்.

சட்டம் பல வசதி தருகிறது. வீட்டிலேயே வாக்குமூலம் எடுக்கலாம், போலீஸ் சீருடையில் வரக் கூடாது, கோர்ட்டில் எதிரி கண்ணில் படக் கூடாது, நடுநடுவே ஓய்வு தர வேண்டும். 38-ஆம் பிரிவு மொழிபெயர்ப்பாளருக்கும் இடம் கொடுக்கிறது. இந்தக் கடைசி விஷயம் எங்கள் பக்கத்தில் உயிர்நாடி. தமிழ்க் குழந்தை பக்கத்து வீட்டுக்காரரையும் "மாமா" என்றுதான் சொல்லும். மலையாளத்தில் அதை "அம்மாவன்" என்று எழுதிவிட்டால் அவர் தாய்மாமன் ஆகிவிடுவார். போக்சோவில் உறவினர் செய்த குற்றத்துக்குப் பிரிவு வேறு, தண்டனை அதிகம். குறுக்கு விசாரணையில் "உன் தாய்மாமன் பேர் என்ன?" என்று கேட்டால் குழந்தை விழிக்கும், பொய் சொல்கிறது என்பார்கள். ஒரு சொல்லின் வேலை. துணைநபருக்குத் தமிழ் தெரிந்திருந்தால் அன்றைக்கே திருத்தியிருப்பார்.

சாட்சிகளுக்கும் ஆள் வேண்டும். அட்டப்பாடியில் 2018 பிப்ரவரியில் மது என்ற பழங்குடி இளைஞர் அரிசி திருடினார் என்று சொல்லி அடித்துக் கொல்லப்பட்டார். மண்ணார்க்காட்டுச் சிறப்பு நீதிமன்றத்தில் வழக்கு நடந்தபோது சாட்சிகள் வரிசையாகப் பிறழ்ந்தார்கள். சாட்சிகளுக்குப் பாதுகாப்பு கொடுத்த பிறகுதான் வழக்கு நிமிர்ந்தது, 2023 ஏப்ரலில் 14 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. தினம் அதே கடையில் கடன் வாங்கி, அதே ஜீப்பில் ஏறிப் போக வேண்டிய ஒருவர் கூண்டில் ஏறி உண்மை சொல்ல வேண்டும் என்றால் சம்மன் மட்டும் போதாது.

சிறைக்குள்ளும் வெளியேயும்

சிறைகளில் நல அலுவலர்கள் இருக்கிறார்கள். உள்ளே இருப்பவருக்கு வீட்டுச் செய்தி, வக்கீல், மனநிலை எல்லாம் அவர்கள் பாடு. விய்யூர் ஜெயிலில் இருக்கும் கணவனைப் பார்க்க ஆனைமலையிலிருந்து போகிற பெண் ஒரு நாள் கூலியையும் பஸ் காசையும் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கும். பரோல் கேட்டால் கேரளத்தில் போலீஸ் அறிக்கையோடு ப்ரொபேஷன் ஆபீசரின் அறிக்கையும் வேண்டும். கைதிகளின் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவி, விடுதலையானவருக்குத் தொழில் உதவி இவையும் சமூக நீதித் துறையின் மாவட்ட ப்ரொபேஷன் அலுவலகம் வழியாகத்தான் நடக்கின்றன. தமிழ்நாட்டில் பெரியவர்களுக்கான நன்னடத்தை அலுவலர்கள் சிறைத்துறையின் கீழ் வருகிறார்கள். எந்தக் கதவைத் தட்டுவது என்பதே எல்லைக்காரனுக்கு முதல் குழப்பம்.

தாயோடு குழந்தை ஆறு வயது வரை சிறையில் இருக்கலாம் என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் ஆந்திர அரசு எதிர்வாதியான ஒரு வழக்கில் வரையறுத்தது. ஆறு முடிந்த குழந்தை எங்கே போகும் என்ற கேள்விக்கு ஒவ்வொரு முறையும் ஒரு சமூகப் பணியாளர்தான் வீடு வீடாகப் போய்ப் பதில் தேட வேண்டியிருக்கிறது. தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம், கர்நாடகம் நான்கும் சேர்ந்து 1979-ல் வேலூரில் சிறை அதிகாரிகளுக்கான பயிற்சிக் கழகம் தொடங்கின. அதிகாரிகளுக்கு ஒரே கூரையின் கீழ் பயிற்சி, அவர்கள் அனுப்பும் காகிதங்களோ ஒன்றையொன்று பார்க்காமல் அலைகின்றன.

இவர் யார் ஆள்?

வீட்டுக்கு வருகிற மேடம் நல்லவராகவே இருக்கட்டும். அவரிடம் எதையெல்லாம் சொல்லலாம்? புதிதாக இதைப் படிக்கிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான், பாடப் புத்தகங்கள் மென்று விழுங்குவதும் இதையேதான்.

வக்கீலிடம் சொன்னது வக்கீலோடு நிற்கும். ப்ரொபேஷன் ஆபீசரிடம் சொன்னது கோர்ட்டுக்குப் போகும். அறிக்கை ரகசியமானது என்று சட்டம் சொல்கிறது, ஊருக்குத்தான் ரகசியம், நீதிபதிக்கு இல்லை. அவர் உதவிக்கும் வருகிறார், கண்காணிக்கவும் வருகிறார். பத்திரத்தில் சொன்னபடி நடக்கவில்லை என்றால் கோர்ட்டுக்கு எழுதுகிறவரும் அவரே. ஒரு கையில் குடை, இன்னொரு கையில் பிரம்பு. நல்ல அதிகாரி இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவார். எங்கள் மேடம் தன் அரைத் தமிழில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அம்மா, நான் கேட்டதை எல்லாம் எழுதும். பின்னே, பொய் எழுத மாட்டேன்."

இன்னொரு குறையையும் மறைக்க வேண்டாம். ஒரு மாவட்டம் முழுவதற்கும் ஒருவர் இரண்டு பேர் அலையும்போது வீட்டைப் பார்க்காமலே எழுதிய அறிக்கைகளும் வந்துவிடுகின்றன. "குடும்பம் ஏழ்மையானது, பையன் அமைதியானவன்" என்ற ஒரே வரி பத்து ஃபைலில் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பத்து வீடும் எப்படி ஒரே மாதிரி இருக்கும்?

அதனால் அவர் வரும்போது காட்ட வேண்டியதை எடுத்து வையுங்கள். பள்ளி டி.சி., ஆஸ்பத்திரிச் சீட்டு, ரேஷன் கார்டு, வேலை கொடுக்கத் தயாராக இருப்பவரின் கடிதம். அவர் தமிழ் தெரியாதவராக இருந்தால் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள், ஆனால் வீட்டு விஷயம் எல்லாம் அவர் காதில் விழும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். கேரளத்தில் மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களின் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே மனுக் கொடுக்கலாம், தமிழிலேயே பதில் பெறலாம். 1969-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் கொடுத்த உரிமை அது. வக்கீல் வைக்கக் காசில்லை என்றால் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் இவர்களுக்கு வருமானக் கணக்கே கேட்க மாட்டார்கள். குழந்தை விஷயம் என்றால் 1098, பெண்களுக்கு 181.

அந்தப் பையன் மாதம் ஒரு முறை பொள்ளாச்சி பஸ்ஸில் வந்து கொஞ்ச காலம் மேடத்தைப் பார்த்துவிட்டுப் போனான், கோயம்புத்தூர் காகிதம் வரும் வரை. மூன்றாவது மாதம் வந்தபோது நானும் இருந்தேன். கையெழுத்துப் போட்ட பிறகும் போகாமல் நின்றான். "என்னடா?" என்றேன். பத்தாவது தனித்தேர்வு எழுதக் கடைசித் தேதி எப்போது என்று மேடத்திடம் மலையாளத்தில் கேட்டுச் சொல்லச் சொன்னான்.